தாமதம் எங்கே குடியிருக்கிறது?

கரடியனாற்றிலிருந்தோ கொக்கட்டிச்சோலையிலிருந்தோ மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்ல வருபவருக்கு ஒரு தவணை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். காலையிலேயே பஸ்ஸைப் பிடித்து, ஒன்பது மணிக்கு முன் மன்றுக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். வழக்கு கூப்பிடப்படும்போது, பகுப்பாய்வாளரின் அறிக்கை இன்னும் வரவில்லை என்று அரச தரப்பு சொல்லும். இல்லாவிட்டால் எதிரியின் சட்டத்தரணிக்கு அன்றைக்கு வேறொரு மன்றில் விளக்கம் இருக்கும். சாட்சியை எச்சரித்து, அடுத்த தவணைக்கு வரும்படி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தவணை மாதங்களுக்கு அப்பால். இப்படிப் பல தடவை வந்து போனவர் கடைசியில் கூண்டில் ஏறும்போது பாதியை மறந்திருப்பார். மறக்காதவரும், மறந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவே விரும்புவார்.

இது ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. குற்றவியல் நீதி நிர்வாகத்தில் உள்ள தாமதத்தை ஆராய்ந்த நாடாளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழு 2017இல் தந்த அறிக்கை, பாரிய குற்றம் ஒன்றின் வழக்கு மேல் நீதிமன்றத்தில் முடிய சராசரியாக 10 ஆண்டுகளும், மேன்முறையீடுகளும் தீர்ந்து முற்றுப்பெற ஏறத்தாழ 17 ஆண்டுகளும் ஆவதாகச் சொன்னது. ஒரு பிள்ளை பிறந்து உயர்தரப் பரீட்சையை நெருங்கும் காலம் அது. இந்த 17 ஆண்டுகள் எங்கே செலவாகின்றன என்பதைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்தச் சீர்திருத்தமும் அரைகுறையாகவே நிற்கும். அண்மைக்காலச் சீர்திருத்தங்களில் நல்லது என்று நான் நினைக்கும் ஒன்றை எடுத்து, அதன் பலத்தையும் பலவீனத்தையும் வாவிக் கரையில் நின்று பார்க்க முயல்கிறேன்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 2022இல் திருத்தப்பட்டு, மேல் நீதிமன்ற வழக்குகளில் விளக்கத்துக்கு முந்திய கலந்தாய்வு என்ற புதிய கட்டம் சேர்க்கப்பட்டது. அது வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 2005இல் கிடைத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை 2010இல் இழந்த இலங்கை, 2017இல் மீண்டும் பெற்றது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதித்து நடப்பதே அதற்கான நிபந்தனை. நியாயமான விளக்கத்தை வலியுறுத்தும் குடிசார் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையும் அவற்றில் ஒன்று. 2021 யூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் நீதித்துறைக்கு உதவும் திட்டமும் தொடங்கியது. அல்பேனியாவோ மோல்டோவாவோ போல நாம் ஒன்றியத்தில் சேர வரிசையில் நிற்கும் நாடு இல்லை. ஆனாலும் நமது நீதிமன்றங்களின் வேகமும் தரமும் நமது ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் வேலையோடு பிணைக்கப்பட்டுவிட்டன. பிணைத்தது தவறென்று நான் சொல்லமாட்டேன். வெளியிலிருந்து கேள்வி வராத காலத்தில் உள்ளுக்குள் யாரும் அவசரப்பட்டதில்லை.

கலந்தாய்வில் என்ன நடக்க வேண்டும்? குற்றப்பத்திரிகை எதிரியிடம் கையளிக்கப்பட்ட பின், சாட்சி விசாரணை தொடங்குமுன், நீதிபதிக்கு முன்னால் இரு தரப்புச் சட்டத்தரணிகளும் கூடி, எதில் தகராறு உண்டு, எதில் இல்லை என்று பிரிக்க வேண்டும். தகராறில்லாதவற்றைச் சட்டக்கோவையின் 420ஆம் பிரிவின் கீழ் ஒப்புதல்களாகப் பதியலாம். எத்தனை சாட்சிகள், எந்தச் சான்றுப்பொருட்கள், எத்தனை நாட்கள் தேவை என்பதைக் கணக்கிட்ட பிறகே விளக்கத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

சிறிய காரியம்போலத் தோன்றும். ஒரு கொலை வழக்கில் வைத்துப் பார்த்தால் அதன் அருமை தெரியும். வயல் வரம்பில் வெட்டுண்டு ஒருவர் இறந்துபோனார். வெட்டுக்காயத்தால்தான் இறந்தார் என்பதை எதிரி தரப்பும் மறுக்கவில்லை. வெட்டியது யார் என்பதுதான் வழக்கு. ஆனால் இவ்வளவு காலமும் பிரேத பரிசோதனை செய்த சட்ட வைத்திய அதிகாரி வந்து காயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்வரை வழக்கு காத்துக் கிடந்தது. அவர் அதற்குள் இடமாற்றம் பெற்று வேறு மாகாணத்துக்குப் போயிருப்பார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டைவிட்டே போன வைத்தியர்கள் பலர். சம்பவ இடத்தின் வரைபடம் கீறிய பொலிஸ் உத்தியோகத்தரும் ஓய்வுபெற்றிருப்பார். இவர்களில் ஒவ்வொருவருக்காகவும் ஒரு தவணை போய்க்கொண்டிருந்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இவர்களில் பலர் வரவே தேவையில்லை. வரவேண்டியவர் கண்ணால் கண்ட சாட்சி மட்டுமே. அவரை ஒரே நாளில் கேட்டு அனுப்பிவிடலாம். கலந்தாய்வின் மிகப் பெரிய நன்மை நீதிபதிக்குக் கிடைப்பது இல்லை. பஸ்ஸில் வந்து நிற்கும் அந்தச் சாட்சிக்குக் கிடைப்பது.

இன்னொரு நன்மை, குற்றச்சாட்டையே சுருக்க வழி கிடைப்பது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தையும் மேற்கே தேவாலயங்களையும் விடுதிகளையும் தாக்கிய குண்டுவெடிப்புகள் தொடர்பாக 2021இல் 25 பேருக்கு எதிராகத் தாக்கலான குற்றப்பத்திரிகையில் 23,270 குற்றச்சாட்டுகள் இருந்தன. விரைவுக்காகத்தான் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மேல் நீதிமன்றம் அமைக்கப்பட்டது. இத்தனை ஆயிரம் குற்றச்சாட்டுகளைச் சுமந்துகொண்டு எந்த மன்றும் விரைந்து நடக்க முடியாது. பிள்ளைகளைப் பறிகொடுத்த மட்டக்களப்புப் பெற்றோருக்கு வேண்டியது எண்ணிக்கையின் கனம் இல்லை. முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஐயமற்ற ஒரு முடிவு.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் மிகப் பெரியதுமான குறை, கலந்தாய்வு தொடங்கும் இடம். அது குற்றப்பத்திரிகைக்குப் பிறகு தொடங்குகிறது. ஆனால் காலத்தில் பெரும் பங்கு அதற்கு முன்னரே கரைந்துவிடுகிறது. மாரியில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறோம், வாவி வடிகிறது. இங்கே தண்ணீர் தேங்கி நிற்பது வாவியில் இல்லை, மேலே குளக்கட்டுக்கு அப்பால்.

கொலை போன்ற பாரிய குற்றமென்றால் முதலில் நீதவான் நீதிமன்றில் சுருக்கமுறையற்ற விசாரணை. அந்தச் சாட்சியங்களைத் தட்டச்சு செய்து கோவையாக்கி, கொழும்பு புதுக்கடையில் உள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அரச சட்டத்தரணி ஒருவர் படிப்பார். போதாதவை இருந்தால் பொலிஸாரிடம் கேட்பார். பதில் வரும்வரை கோவை கிடக்கும். குற்றப்பத்திரிகையை இத்தனை மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டமா அதிபரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தும் காலவரையறை சட்டக்கோவையில் இல்லை. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம் விளக்கமறியலுக்கு ஓராண்டும், நீடித்தால் இரண்டாண்டும் என்று எல்லை போட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர்களுக்கு அந்த எல்லையும் பொருந்தாது. நமது சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, தவணை பார்த்துக் காத்திருப்பவர்கள்.

பகுப்பாய்வாளர் அறிக்கையும் அப்படித்தான். ஹெரோயினும் ஐஸும் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிராமங்கள்வரை வந்துவிட்டன. தூய ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஆகவே பிடிபட்ட பொட்டலத்தில் தூய எடை எவ்வளவு என்பதே ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். அதைச் சொல்ல வேண்டிய அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் மேல் மாகாணத்தில் இருக்கிறது. நாடு முழுவதன் பொட்டலங்களும் அங்கேதான் போகின்றன. மட்டக்களப்பு நீதிபதி எத்தனை கலந்தாய்வு நடத்தினாலும் அந்த ஆய்வுகூடத்தின் வரிசை நகரப்போவதில்லை.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சீர்திருத்த அறிக்கைகள் அதை ஒரு வரியில் கடந்துபோகின்றன. வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதை 1988இன் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உறுதிசெய்தது. மன்றில் தமிழ் ஒலிக்கிறது, உண்மைதான். ஆனால் பொலிஸ் குறிப்புப் புத்தகங்கள் பல சிங்களத்தில். ஒரு தாய் தமிழில் சொன்னதைத் தமிழ் அரைகுறையாகத் தெரிந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதுகிறார். ஆண்டுகள் கழித்து அது மன்றுக்காகத் தமிழுக்குத் திரும்புகிறது. மேன்முறையீடு போனால் ஆங்கிலத்துக்கு மாறுகிறது. மொழிபெயர்ப்பாளர் கிடைக்காமல் போகும் தவணைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடக் கொடிய சேதம் வேறு. குறுக்கு விசாரணையில் சாட்சியின் வாய்மொழிக்கும் பொலிஸ் வாக்குமூலத்துக்கும் இடையில் முரண்பாடு காட்டினால் சாட்சியின் நம்பகம் போய்விடும். அந்த முரண்பாடு சாட்சியுடையதா, இரண்டு தடவை மொழிமாறிய காகிதத்துடையதா என்று கேட்க மன்றுக்கு நேரமில்லை. கலந்தாய்வை உண்மையாகப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். வாக்குமூலங்களின் மொழிபெயர்ப்பை இரு தரப்பும் அங்கேயே ஒப்பிட்டு, சரி என்று கையெழுத்திட்டபின் விளக்கத்தைத் தொடங்கினால், தாமதமும் குறையும், ஏழைச் சாட்சி பொய்யராக்கப்படுவதும் குறையும்.

ஒப்புதல்களிலும் ஆபத்து இருக்கிறது. பணமுள்ள எதிரிக்கு அனுபவமிக்க சட்டத்தரணி கோவையை வரிவரியாகப் படித்து, எதை ஒப்புக்கொள்ளலாம், எதை விடக்கூடாது என்று தீர்மானிப்பார். வசதியற்றவருக்கு மன்று ஒதுக்கித்தரும் சட்டத்தரணி, பெரும்பாலும் தொழிலுக்குப் புதியவர், சிறைக்குப் போய் அவரைச் சந்தித்துப் பேச அவகாசமில்லாதவர். அவர் அவசரத்தில் ஒப்புக்கொள்ளும் ஒரு வரியால் ஒருவர் ஆயுள் முழுதும் உள்ளே இருக்க நேரலாம். கலந்தாய்வுக்கு முன் சட்டத்தரணி தன் கட்சிக்காரரை நேரில் சந்தித்தார் என்பதை நீதிபதி கேட்டுப் பதியாமல் எந்த ஒப்புதலையும் ஏற்கக்கூடாது. சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஆட்களும் பணமும் கூட்டாமல் கலந்தாய்வை மட்டும் கூட்டுவது ஏழைகளின் செலவில் வேகம் வாங்குவதாகும்.

அடுத்தது அளவுகோல். நீதிமன்றங்களின் திறனை அளக்க ஐரோப்பியப் பேரவை 2002இல் ஒரு தனி ஆணைக்குழுவை அமைத்தது. வந்த வழக்குகளுக்கு எத்தனை வீதம் முடிந்தன, நிலுவை தீர எத்தனை நாட்கள் ஆகும் என்ற இரண்டு கணக்குகளால் அது நாடுகளை ஒப்பிடுகிறது. ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடுகளின் நீதித்துறையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்குகள் முன்னால் வருகின்றன. எண்ணிப் பார்க்கும் பழக்கமே இல்லாத நமக்கு அது நல்ல பாடம். ஆனால் எண்ணுவது எதை? அல்பேனியா 2016இல் அரசியலமைப்பைத் திருத்தி, தன் நீதிபதிகள் எல்லோரின் சொத்தையும் நடத்தையையும் சோதித்தது. ஊழல் மிகுந்த நீதித்துறைக்கு அது தேவையான மருந்து. சோதனையில் தேறாதவர்களும் தாமாக விலகியவர்களும் போக, அரசியலமைப்பு நீதிமன்றமே 2018 முதல் இரண்டாண்டுகளளவு போதிய நீதிபதிகள் இல்லாமல் முடங்கியது. மேல்முறையீடுகள் மலைபோலக் குவிந்தன. நேர்மையும் வேகமும் ஒரே நாளில் கைகூடாது என்பதை அந்த நாடு அனுபவித்துக் கண்டது.

நம்மிடம் இந்தக் கணக்கு வேறுவிதமாகப் பிழைக்கும். 'முடிந்த வழக்கு' என்ற நிரலில் எவையெல்லாம் சேரும் என்று பாருங்கள். 1992 ஆகஸ்ட் 9 அன்று மட்டக்களப்பு மாவட்ட எல்லையில் மயிலந்தனைக் கிராமத்தில் குழந்தைகள் உட்பட 30க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். இராணுவத்தினருக்கு எதிராக மட்டக்களப்பில் தொடங்கிய வழக்கு பொலன்னறுவைக்குப் போய், பின்னர் கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. சாட்சிகள் போர்க்காலச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்வர வேண்டியிருந்தது. பத்தாண்டுகளின் பின், 2002 நவம்பரில், ஜூரிகள் எல்லோரையும் விடுவித்தனர். மறுபடி யோசிக்கும்படி நீதிபதி கேட்டும் அதே முடிவையே சொன்னார்கள். திருகோணமலை மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996இல் நடந்த கொலைகளின் வழக்கு அனுராதபுரத்தில் விளங்கப்பட்டு, 2016இல் விடுதலையில் முடிந்தது.

2005 டிசம்பர் 25, நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் காயப்பட்டார். பத்தாண்டுகள் வரை வழக்கே இல்லை. 2015 ஒக்டோபரில் கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் கைதானார். மற்றவர்களோடு அவரும் மட்டக்களப்பு மேல் நீதிமன்றில் எதிரியானார். ஐந்தாண்டுகள் விளக்கமறியலில் இருந்தபடியே 2020இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். வழக்கு பெரிதும் சார்ந்திருந்த ஒப்புதல் வாக்குமூலங்கள் மேன்முறையீட்டு நீதிமன்றில் நிற்காமல் போயின. வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவிக்க, 2021 ஜனவரி 13இல் எதிரிகள் விடுவிக்கப்பட்டனர். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு யார் கொன்றார்கள் என்ற விடை கிடைக்கவில்லை. ஐந்தாண்டு உள்ளே இருந்தவர்களுக்கு, சாட்சியங்களைக் கேட்டு எடைபோட்ட ஒரு தீர்ப்பும் கிடைக்கவில்லை. நிலுவைக் கணக்கில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். வாக்குமூலத்தை மட்டும் நம்பி வழக்கைக் கட்டியெழுப்பும் பொலிஸ் பழக்கத்தைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் பல பத்தாண்டுகளாக வளர்த்தது. அந்தப் பழக்கம் போகாதவரை எந்தக் கலந்தாய்வும் ஒரு நலிந்த வழக்கைத் தேற்றாது.

காணொளி மூலம் சாட்சியமளிக்கும் ஏற்பாட்டையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. 2023இன் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. எதிரியின் ஆட்கள் வாசலில் நிற்கும்போது மன்றுக்குள் நுழையப் பயப்படும் சாட்சிக்கு அது பெரிய ஆறுதல். சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிந்து சாட்சியமாக்க 1999ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதை முறையாகப் பயன்படுத்தியிருந்தால், பத்து வயதில் நடந்ததை இருபது வயதில், திருமணம் பேசும் காலத்தில், மன்றில் வந்து திரும்பச் சொல்லும் கொடுமை எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு நேர்ந்திருக்காது. ஆனால் பொலிஸ் காவலில் உள்ளவரைத் திரையில் காட்டி விளக்கமறியலை நீடிப்பதை நான் ஏற்கமாட்டேன். நீதவான் கைதியை நேரில் பார்ப்பது அவருடைய உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவும்தான். 2021 யூனில் இருதயபுரத்தில் கைதான இளைஞர் ஒருவர் காவலில் இறந்தபோது, புதைத்த உடலைத் தோண்டி மறுபடி பரிசோதிக்க மட்டக்களப்பு நீதவான் உத்தரவிட்டார். அந்த வகைக் கண்காணிப்பைத் திரை தராது.

வேகத்துக்காகச் சட்டத்தை மாற்றுவது நமக்குப் புதிதும் இல்லை. பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க நீதி அமைச்சராயிருந்தபோது வந்த 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் சுருக்கமுறையற்ற விசாரணையை ஒழித்தது. வழக்குத்தொடுநர் நாயகம் என்ற தனிப் பதவியையும் உருவாக்கியது. ஆட்சி மாறியதும் இரண்டும் போயின. 1979 சட்டக்கோவை பழைய விசாரணையைத் திருப்பிக் கொண்டுவந்தது. இன்று சட்டமா அதிபரிடமிருந்து பிரிந்த சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் பற்றி மறுபடி பேசுகிறார்கள். அரசாங்கத்தின் ஆலோசகரே அரசாங்கத்தின் ஆட்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும் முரண்பாட்டுக்கு அது ஒரு நல்ல தீர்வு. ஆனால் அந்த அலுவலகமும் கொழும்பிலேயே இருந்து, மட்டக்களப்புக் கோவை வழமைபோல இரவு ரயிலில் போய்வருமென்றால், பெயர்ப்பலகை மட்டுமே மாறும். பாரிய வழக்குகளில் குற்றப்பத்திரிகை தயாரிக்கும் அதிகாரமுள்ள, தமிழில் கோவையைப் படிக்கக்கூடிய வழக்குத்தொடுநர்கள் கிழக்கிலேயே அமர வேண்டும். பகுப்பாய்வுத் திணைக்களத்தின் கிளை ஒன்றும் கிழக்குக்கு வேண்டும்.

கலந்தாய்வு நல்ல கருவி, அதைக் கைவிடக்கூடாது என்பதே என் முடிவு. ஆனால் நீதிபதியின் மேசையில் மட்டும் அதை வைத்துவிட்டு மற்ற மேசைகளை விட்டுவிடுவதை ஏற்க முடியாது. கலந்தாய்வில் ஒப்புக்கொண்ட நாளில் அறிக்கையோ கோவையோ வரவில்லையென்றால், தாமதப்படுத்திய திணைக்களம் மன்றுக்கு எழுத்தில் காரணம் சொல்லவும், விளக்கமறியலில் இருப்பவர் அன்றைக்கே பிணை கேட்கவும் சட்டம் இடம்தர வேண்டும்.

நீதிச்சேவை ஆணைக்குழுவிடமும் நீதி அமைச்சிடமும் மட்டக்களப்புச் சட்டத்தரணிகள் சங்கத்திடமும் ஒரு கோரிக்கை. ஆண்டுதோறும் முடிந்த வழக்குகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லாதீர்கள். மட்டக்களப்பு, கல்முனை, திருகோணமலை, அம்பாறை மேல் நீதிமன்றங்களின் ஒவ்வொரு பாரிய வழக்குக்கும் நான்கு திகதிகளை வெளியிடுங்கள்: குற்றம் நடந்த நாள், கோவை புதுக்கடைக்குப் போன நாள், குற்றப்பத்திரிகை வந்த நாள், தீர்ப்பு நாள். பெயர்கள் தேவையில்லை. வழக்கு எப்படி முடிந்தது என்பதையும், தீர்ப்பா, விடுதலையா, மீளப்பெறலா என்று, பக்கத்தில் எழுதுங்கள். இந்தத் தகவல்கள் எல்லாம் நீதிமன்றப் பதிவேடுகளில் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றை வெளியிடப் புதிய சட்டமோ ஐரோப்பாவின் பணமோ வேண்டியதில்லை.